சுத்த சைவ லாட்ஜில் ஒரு கடல்

திருப்பதியில் அடுத்தவர் புண்ணியத்துக்குக் குறுக்கே நின்ற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, வத்து சார்தான்.

அவரை நான் முதலில் பார்த்தது காலை ஐந்து பத்துக்கு. ஒரு தமிழ் நாளிதழுக்கு அப்போது நான் திருப்பதி நிருபர். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த லாட்ஜில் மாத வாடகைக்கு அறை கேட்டுப் போயிருந்தேன். வரவேற்பறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதன் முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஒல்லியான ஒருவர். அவரைச் சுற்றி, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், ஆளுக்கொரு பிடி பொரியுடன்.

“மீனுக்கு ஒரு புடி பொரி போட்டா உனக்கு இன்னாய்யா கொறஞ்சிபூடும்?” என்றது ஒரு மொட்டை.

“வேணாம். வத்து. நோ,” என்றார் அவர், எல்லா ஊர்க்காரர்களுக்கும் சேர்த்து.

தெலுங்கில் ‘வத்து’ என்றால் வேண்டாம். லாட்ஜ் மேனேஜரான அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கோயில் குளத்தில் பொரி போட்டுப் பழகிய கை, எந்த மீனைக் கண்டாலும் மடியைத் தடவும். ஆனால் இது குளத்து மீன் இல்லை. முதலாளி சென்னையில் ஏதோ ஓட்டலில் பார்த்துவிட்டு வந்து ஆசையாக வைத்த கடல். உப்புப் பாக்கெட்டுகளைக் கரைத்துச் செய்த கடல். உள்ளே உயிருள்ள பவளங்கள், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள் இரண்டு, மஞ்சள் மீன் ஒன்று. ஆசை தீர்ந்த பிறகு முதலாளி அதை மேனேஜரிடம் ஒப்படைத்தார். கூடவே ஒரு வாக்கியத்தையும் ஒப்படைத்தார்: “உள்ள இருக்கறது செத்துச்சுன்னா தொட்டிய எடுத்துட்டுச் செருப்பு ஸ்டாண்டு வெச்சிருவேன்.”

அன்றோடு வத்து சாரின் நிம்மதி போயிற்று. மீன் தின்னாமல் விட்டது அழுகும். தின்றது பின்வழியாக வரும். இரண்டும் தண்ணீரில் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் ஆகும். அது கூடினால் பச்சைப் பாசி படர்ந்து பவளத்தை மூடிவிடும். “ஒரு பொரிக்குள்ள எவ்ளோ பாஸ்பேட் கீது தெரியுமா சார்?” என்று என்னைக் கேட்பார். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய பயமே.

தண்ணீரைச் சோதிக்க ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டினால் நிறம் மாறும். அதை ஓர் அட்டையில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும்: வெள்ளை என்றால் சுத்தம், ரோஸ் கூடக் கூட அழுக்கு. சுலபமான வேலைதான், தன் கண்ணை நம்புகிறவருக்கு. வத்து சார் நம்பவில்லை. நான் முகத்தில் சோப்பு நுரையோடு நிற்கும்போது கதவு தட்டப்படும்.

“சார், இது வெள்ளையா, லைட் ரோஸா?”

“லைட் ரோஸ்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு சார். லைட்டுன்னா ரொம்ப லைட்டா?”

என் தீர்ப்பின் மீது அடுத்த அறையில் அப்பீல் நடக்கும். பலமனேரிலிருந்து வந்த புதுமணத் தம்பதியில் கணவர் வெள்ளை என்றார், மனைவி ரோஸ் என்றார். அறையைக் காலி செய்யும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு பட்டுப் புடவை வியாபாரி குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது வெங்காயக் கலர்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அட்டையில் வெங்காயம் இல்லை. வத்து சார் அன்று முழுவதும் சாவிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தார்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்றைக் குளிர்பெட்டிக்குள் வைத்திருந்தார். அந்த மீன்களுக்கு உறைய வைத்த பொடி இறால்தான் ஆகாரம். லாட்ஜ் வாசல் பலகையிலோ ‘சுத்த சைவம்’. இறாலை எங்கள் பத்திரிகையிலேயே மடித்து, லாட்ஜ் மெஸ்ஸின் தயிர்ப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். இறாலிலிருந்து வடியும் சாற்றில் பாஸ்பேட் உண்டு என்பதால், டீ வடிகட்டியில் போட்டு அலசித்தான் மீனுக்குப் போடுவார்.

ஒரு நாள் காலை, மெஸ்ஸில் சமைக்கும் விஜயபுரத்து அக்கா வடிகட்டியை நீட்டிக்கொண்டு வரவேற்பறைக்கே வந்துவிட்டார்.

“யோவ் மேனேஜரு, இது இன்னாது?”

“காலுதாங்க்கா.”

“எதோட காலு?”

“எறாவோட.”

“அடப்பாவி! மலைக்குப் போறவங்களுக்கு இதுலதானேய்யா டீ வடிச்சிக்கினு கீறேன்!”

“இல்லக்கா, என்னுது வேற வடிகட்டி. ரெண்டும் ஒரே கடையில வாங்கினது, அதான்...”

“எது உன்னுது?”

வத்து சார் இன்னொரு வடிகட்டியையும் எடுத்துவந்து, இரண்டையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இரண்டும் குப்பைக்குப் போயின. இறாலும் போயிற்று. அன்று டீ துணியில் வடிக்கப்பட்டது.

அதன்பின் மீன்களுக்கு உலர்ந்த தீனி மட்டும், அதுவும் இடுக்கியில் ஒவ்வொரு துணுக்காக. சோதனைக் குழாயில் தண்ணீர் துளி நிறம் இல்லாமல் நின்றது. இந்த முறை யாரும் தகராறு செய்யவில்லை; எல்லோரும் வெள்ளை என்றார்கள். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. ஊதா நிறப் பவளம் சுண்ணாம்புபோல வெளுக்கத் தொடங்கியது. மீன்களின் வயிறு உள்வாங்கியது.

தொட்டியை விற்ற சென்னைக் கடைக்காரருக்கு என் முன்னால்தான் போன் போட்டார்.

“தண்ணி ரொம்பச் சுத்தமாப் போச்சு சார். பவளத்துக்கும் கொஞ்சம் அழுக்கு வேணும். மீன் நல்லாச் சாப்பிட்டாத்தான் அது கிடைக்கும். எறா போடுங்க.”

“எவ்ளோ சார்?”

“பாத்துப் போடுங்க.”

“பாத்துன்னா எவ்ளோ சார்?”

லைன் துண்டிக்கப்பட்டிருந்தது.

அதிகம் போட்டால் சாகும் என்று பயந்தவர், குறைத்தாலும் சாகும் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டார். முதலாளி ஒரு முறை வந்து, தொட்டி நிற்கும் இடத்தைச் சாண் போட்டு அளந்துவிட்டுப் போனார். வத்து சாருக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் வைத்த இட்லி, வைத்தபடி மெஸ்ஸுக்குத் திரும்பிற்று.

மூன்றாவது முறை தட்டு திரும்பியபோது அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். குனிந்து தொட்டியைப் பார்த்தார்.

“இன்னாய்யா இது, வயிறு ஒட்டிப்போய்க் கெடக்குது?”

“எறா இல்லக்கா.”

“யாரு வேணான்னது?”

“நீதாங்க்கா.”

“நான் என் கிச்சன்ல வேணான்னேன். மீனு வாயில வேணான்னேனா?” என்றவர், குரலைத் தாழ்த்தினார். “எங்கூட்ல ஞாயித்துக்கெழமன்னா நண்டு இல்லாம சோறு எறங்காது. எறாவ எங்கூட்டு பிரிஜ்ல வெச்சிக்கினு, தெனம் நானே அலசி எடுத்தாரேன். வெளிய சொன்னே, தொலைச்சிப்புடுவேன்.”

மறுநாளிலிருந்து, கறிவேப்பிலைக் கட்டுக்கு அடியில் ஒரு சின்ன டிபன் பாக்ஸ் வந்தது.

“நாலு தண்ணி அலசினியாக்கா?”

“எங்கூட்டுக்காரனுக்குக்கூட நான் இவ்ளோ அலசி ஆக்கினதில்லய்யா.”

அக்கா ஒரு சிட்டிகை போடுவார். வத்து சார் “வத்துக்கா, வத்து” என்று இடுக்கியால் பாதியை எடுப்பார். “பாவம்யா, அந்த மஞ்சளுக்கு இன்னோண்ணு” என்று அக்கா மறுபடி போடுவார். பொரியோடு வந்த மொட்டைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரும்பாலும் அக்கா கட்சி.

சில வாரங்கள் ஆயின. ஒரு காலை வத்து சார் என் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, என்னைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். பவளத்தின் நுனிகளில் ஊதா, பென்சிலால் கோடு போட்டதுபோல. குழாயை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“லைட் ரோஸ்,” என்றேன்.

அடுத்த அறைக்கு அவர் போகவில்லை.

அக்கா தட்டைக் கொண்டுவந்து, சாவிகளைத் தள்ளிவிட்டு மேசையில் வைத்தார். “அதுங்க துன்னுட்ச்சி. இப்ப நீ துன்னு.”

தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், நின்றபடியே, வத்து சார் ஏழு இட்லி சாப்பிட்டார்.