இடது காதுக்கு ஓர் அண்டா

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்திருப்பதற்குக் காரணம், எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த அலுமினிய அண்டாவில் நான் எட்டு ஓட்டை போட்டதுதான். வேறொன்றுமில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை, குடிக்கவுமில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பீர்கள் என்றுதான் நலம் விசாரிப்பதை இரண்டாவதாக வைத்தேன். இங்கே நான் சுமாரான நலம். அங்கே நீங்களும் அக்காவும் நல்லபடியாக இருக்க வேண்டும். உங்கள் தங்கையின் நலத்தை நான் விசாரித்தால் பதில் வராது. தயவுசெய்து நீங்களே விசாரித்து, அந்த முட்டிவலி எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதவும். இங்கே மழை விடவில்லை, குளிர் எலும்பு வரை போகிறது. அங்கேயும் அப்படித்தான் என்று பேப்பரில் பார்த்தேன்.

பாத்திரக் கடையை மகன் கையில் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். கொடுத்த பிறகும் தினமும் போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவன் ஒரு விலை சொன்னால் நான் ஒரு விலை சொன்னேன். என் விலை குறைவாக இருந்தால் வந்தவர் என் பக்கம், கூடுதலாக இருந்தால் அடுத்த கடைப் பக்கம். கடைசியில் பையன் ஒருநாள் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, தோளைத் தொட்டு, நாளையிலிருந்து வீட்டில் ரெஸ்ட் எடுங்கள் அப்பா என்றான். எத்தனையோ பேரை வேலையை விட்டு அனுப்பியவன் நான். தண்ணீர் கொடுத்துத் தோளைத் தொட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தேன். சும்மா இருக்கத் தெரியாததால் சமையலறையில் ஸ்டாக் எடுத்தேன், டப்பாக்களை உயரப்படி அடுக்கினேன், அடுப்பைச் சின்னதாக எரிக்கலாமே என்று யோசனை சொன்னேன். உங்கள் தங்கை பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாடியில குடியிருக்காரே அந்த பேங்க்காரர், அவரோட கொஞ்ச நேரம் பேசிட்டு வாங்களேன்" என்றாள். அனுப்பியது அவள்தான் மச்சான். இதை நீங்கள் எந்தப் பக்கமும் சாயாமல் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த பேங்க்காரருக்குப் பகலில் கணக்கு, மற்ற நேரமெல்லாம் ரேடியோ சாமான்களுக்கு ஈயப் பற்று. மேசை முழுக்கக் கம்பியும் கருவியும். அவர்தான் எனக்கு கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபையர் என்ற ஒன்றைப் பற்றிச் சொன்னார். முதல் தரச் சரக்கு போலிருக்கிறது என்று நினைத்தேன். தரமில்லையாம், வேலை செய்கிற முறையாம். சாதாரண ஆம்ப்ளிஃபையரில் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி வேலை பார்க்குமாம். தன் முறை வந்தால் எழும், முடிந்தால் உட்காரும். அந்த எழுந்து உட்காரும் இடத்தில் பாட்டில் பிசிறு தட்டும். கிளாஸ் ஏ-யில் உட்காருகிற பேச்சே கிடையாது. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முழுக் கரண்டையும் வாங்கிக்கொண்டு நின்ற கால் மாறாமல் நிற்கும். நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். வாடிக்கை இல்லாத மத்தியானத்திலும் உட்காராமல் நிற்கிற கடைப் பையன் ஒருவன் கிடைக்க மாட்டானா என்று காலமெல்லாம் ஏங்கியவன் நான். அப்படியொருவன் இருக்கிறான் என்று இவ்வளவு தாமதமாகத் தெரியவந்தது.

அவனுக்கு ஒரே ஒரு கெட்ட குணம், கொதிப்பான். நூறு வாட் வாங்கிப் பத்து வாட்தான் பாட்டாகக் கொடுப்பான், மீதி தொண்ணூறும் சூடு. சும்மா நிற்கும்போதுதான் சூடு உச்சமாம். இந்த மாதிரி வியாபாரத்தை என் மகன் செய்திருந்தால் அன்றைக்கே கடையைத் திரும்ப வாங்கியிருப்பேன். ஆனால் ஆசை கண்ணை மறைத்தது. இதையும் கேளுங்கள்: அந்தப் பத்து வாட்டும் ஒரு காதுக்குத்தான். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று தனித்தனியாக இரண்டு கட்ட வேண்டும். முதலில் இடது என்று ஆரம்பித்தேன். விஷயத்தை உங்கள் தங்கையிடம் விளக்கியபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சும்மா இருக்கும்போதும் கொதிக்கறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே, இன்னொண்ணு எதுக்கு" என்றாள்.

சூட்டை இறக்க ஹீட் சிங்க் என்று துடுப்பு துடுப்பாக ஓர் அலுமினியக் கட்டி வேண்டும். கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. அலுமினியத்திலேயே பிழைத்தவனிடம் அலுமினியம் விற்கப் பார்க்கிறான். பழைய இரும்புக் கடையில் அலுமினிய ஜன்னல் சட்டம் ஒன்றை எடைக்கு வாங்கி, அறுத்து, அடுக்கி மாட்டினேன். சட்டம் மெல்லிசு, சூடு போக வழியில்லை. சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் அதிகக் கரண்ட் இழுக்குமாம், அதிகம் இழுத்தால் இன்னும் சூடு ஏறுமாம், அதனால் இன்னும் இழுக்குமாம். புருஷன் பெண்டாட்டி வாக்குவாதம் மாதிரி, நடுவில் யாராவது புகுந்து பிடித்தால்தான் நிற்கும். பிடிக்க ஒரு சின்ன ரெசிஸ்டர் போட வேண்டியிருந்தது, அதை நான் சிக்கனமாக விட்டிருந்தேன். புகை வந்தது. உங்கள் தங்கை பால் பொங்கி அடிப்பிடிக்கிறது என்று ஓடிப்போய், எரியாத அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த தடவை மைக்கா. டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் மைக்கா என்று ஒரு மெல்லிய தகடு வைத்து, வெள்ளைப் பசை தடவி முடுக்க வேண்டும். சூடு போகவேண்டும், கரண்ட் போகக் கூடாது, அதற்கு அது. எனக்கு அது புத்திக்கு ஒத்துவரவில்லை. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் தாள் சொருகிச் சமைக்கிறவர் உண்டா? எடுத்து எறிந்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். வீட்டு ஃபியூஸ் மொத்தமாகப் போயிற்று. மோட்டார் நின்றது, குளியலறையில் உங்கள் தங்கை தலை முழுக்க சோப்போடு நின்றாள். பிறகு நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை. அதற்கப்புறம் மைக்கா வைத்தேன், ரெசிஸ்டரும் போட்டேன். ஆனாலும் சூடு தாங்கவில்லை. அவளுடைய மேசை ஃபேனைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். சூடு குறைந்தது, ஆனால் ஃபேன் சத்தத்தில் பாட்டு கேட்கவில்லை. பிசிறே இல்லாத பாட்டு வேண்டும் என்று இத்தனை பாடுபட்டு, கடைசியில் உட்கார்ந்து கேட்டது ஃபேன் சத்தம்.

இப்போது அண்டா விஷயத்துக்கு வருகிறேன். பாத்திரம் என்பது என்ன? அடுப்பிலிருந்து சூட்டை வாங்கி உள்ளே இருப்பதற்குக் கொடுக்கிறது. ஹீட் சிங்க் என்பது என்ன? உள்ளே இருப்பதிலிருந்து சூட்டை வாங்கி வெளியே கொடுக்கிறது. பாத்திரத்தைக் கவிழ்த்தால் ஹீட் சிங்க். இது தோன்றிய அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடைக்குப் போய்ப் பார்த்தேன். மகன் ஒவ்வொன்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறான். ஒன்றை எடுத்தால் பில் போடுவான். நான் தொடங்கிய கடையில், நான் பில் போட்டு வாங்குவதா? தவிர, தட்டிப் பார்த்தேன், எல்லாம் தகடு. கனமாக, கெட்டியாக எனக்குத் தெரிந்து இருந்தது ஒன்றுதான், பரண்மேல். நீங்கள் வாங்கிக் கொடுத்தது. உங்களுக்கும் அக்காவுக்கும் என்று அதோடு ஜோடியாக இன்னொன்றும் வாங்கினீர்களே, அந்த ஜோடியில் எங்களுடையது. இந்த இடத்தில் உங்களைப் பாராட்ட வேண்டும், அந்தக் காலத்திலேயே நல்ல சரக்கு பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். அதைக் கவிழ்த்து, கீழே காற்றுப் போக மூன்று மரக்கட்டை வைத்து, உள்பக்கச் சுவரில் டிரான்சிஸ்டர்களை முடுக்கினேன். சூடு அண்டா முழுக்கப் பரவி, கை வைத்தால் இதமாக நின்றது. அடுத்த வீட்டுப் பூனை முதல் நாளே அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. அதற்கு மேல் யாரிடம் சான்றிதழ் வாங்க?

உங்கள் தங்கைக்குக் காட்டுவதற்காக, மேலே துணி போட்டு மூடி வைத்து, நாற்காலி போட்டு, அவளுக்குப் பிடித்த வயலின் கேசட்டை வைத்தேன். அவள் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கூடக் கேட்டாள், பொய் சொல்லவில்லை. பிறகு, சூடான பெட்டியின்மேல் துணி போடுவார்களா, தீப்பிடிக்காதா என்று துணியை இழுத்தாள். அண்டாவும் எட்டுத் திருகாணித் தலையும் அவளைப் பார்த்தன. நான் எல்லா விதமான பேச்சுக்கும் தயாராக இருந்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கடையில பாத்திரமே இல்லயா?"

அதற்கு நூறு நல்ல பதில் உண்டு. நான் வியாபாரி, வாயால் பிழைத்தவன். ஆனால் அவசரத்தில் உண்மை வந்துவிட்டது. "அதெல்லாம் மெல்லிசும்மா."

"அப்போ இத்தன வருஷமா ஊருக்கு வித்ததெல்லாம்?" என்றாள்.

அந்நேரம் கடையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்த மகன் உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போய்விட்டான். அவள் சத்தம் போடவில்லை. இந்த அண்டாவில்தான் பிள்ளை பிறந்தபோது வெந்நீர் போட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் பெட்டி கட்டினாள். போகும்போது ஈடாக ஒன்று தருகிறேன் என்று, கடையிலேயே விலை கூடிய எவர்சில்வர் அண்டாவை பில் போட்டு வாங்கி வந்து நீட்டினேன். அதை விரலால் ஒரு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அங்கேயே வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

மச்சான், உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆம்ப்ளிஃபையர் நன்றாகத்தான் பாடுகிறது. நேற்று அதே வயலினைத் திரும்பப் போட்டேன். இரண்டு பாட்டுக்கு நடுவில், வாசிக்கிறவர் லேசாக ஓர் இருமல் இருமினார். அறைக்குள்ளேயே இருந்து இருமியது போலக் கேட்டது. இத்தனை நாள் அந்த இருமலை எந்த டேப் ரெக்கார்டரிலும் நாங்கள் கேட்டதில்லை. கேட்டியா என்று பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். பூனை பார்த்தது. பிறகு பாட்டை நிறுத்திவிட்டு அதைச் சும்மா விட்டேன். அது சத்தமில்லாமல் கொதித்துக்கொண்டே இருந்தது, நானும் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரையும் பார்த்தால் யார் யாருக்குக் காவல் என்று தெரிந்திருக்காது.

ஆகவே அக்கா மூலமாகப் போனில் பேசி, ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். போனை உங்கள் தங்கை வாங்கவில்லை என்றாலும், அக்கா ஒவ்வொன்றையும் சொல்வதற்கு முன், அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது எனக்குக் கேட்டது. பேசியபடி, அண்டாவைக் கழற்றி, ஓட்டைகளை ரிவெட் அடித்து அடைத்து, பரண்மேல் ஏற்றிவிடுவேன். அவள் வீட்டில் இருக்கும்போது எந்தப் பெட்டியும் சூடாகாது. டப்பாக்கள் அவள் வைத்த இடத்தில் இருக்கும். மகன் விலை சொல்லும்போது நான் அந்தத் தெருவிலேயே இருக்க மாட்டேன். முக்கியமாக, இடது காதோடு நிறுத்திக்கொள்வேன், வலது காதுக்கு இன்னொன்று இந்த ஜென்மத்தில் கட்ட மாட்டேன். நான் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்ட முதல் உடன்பாடு இதுதான் என்பதை அவளிடம் சொல்லவும். மழை கொஞ்சம் விட்டதும் நல்ல வண்டியாகப் பார்த்து, ஜன்னலோர இடம் தவிர்த்து ஏற்றி அனுப்பவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வீட்டில் கதவு, கணக்கு, மூட்டு எல்லாம் இறுக்கமாக நிற்க வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனன்

பின்குறிப்பு: கவரை ஒட்டித் தபாலில் போடக் குடையை எடுத்தபோது வாசலில் வண்டி நின்றது. மழை விடும்வரை நீங்கள் காத்திருக்கச் சொன்னதாகவும் தான் கேட்கவில்லை என்றும் உங்கள் தங்கை சொன்னாள். பஸ்ஸில் காலைக் குறுக்கிக்கொண்டே வந்ததில் முட்டி இரண்டும் மடங்கவில்லை. நான் இன்னும் அண்டாவைக் கழற்றவில்லை, பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது, மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, பூனையைத் தள்ளிவிட்டு, இடது முட்டியை அண்டாவில் சாய்த்து உட்கார்ந்தாள். வயலின் கேசட் ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிந்தது. பிறகு காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, இன்னொன்று எப்போது என்றாள். இன்னொன்று கூடாது என்றுதானே பேச்சு என்றேன்.

"அது காதுக்கு. நான் கேக்கறது முட்டிக்கு."

கனமான அண்டாவுக்கு எங்கே போவது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, அதோடு ஜோடி எங்கள் அண்ணன் வீட்டில் இருக்கிறதே என்றாள். எனவே மேலே எழுதிய உடன்பாட்டை அடித்துவிட்டுக் கீழ்க்கண்டதை வைத்துக்கொள்ளவும். உங்கள் வீட்டு அண்டாவை இந்தக் கடிதம் கண்டதும் அனுப்பி வைக்க வேண்டியது, போக்குவரத்துச் செலவு என்னுடையது. பதிலுக்கு அக்கா எங்கள் கடைக்கு வந்து எதை வேண்டுமானாலும் தட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம், பில் கிடையாது, மகனிடம் பேசிவிட்டேன். துளை போட்ட சரக்கு திருப்பித் தரப்படமாட்டாது.