ஐஸ் பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில்

கல்யாணத்துக்கு அழைத்தால் போ, சாவுக்குக் கேள்விப்பட்டாலே போ என்று எங்கள் அம்மா சொல்லும். போன இடத்தில் சும்மா இரு என்பதையும் சேர்த்துச் சொல்லி வளர்த்திருக்கலாம்.

இரண்டாயிரத்துச் சொச்சம். மூலக்குளத்தில் எங்கள் தெருவுக்கே நான்தான் கம்ப்யூட்டர் டாக்டர். (படித்தது ஒன்றுமில்லை. தங்கையின் கம்ப்யூட்டரை நாலு முறை பிரித்து, மூன்று முறை சரியாக மாட்டியிருந்தேன்.) ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியன்.

எதிர்வீட்டு சொல்தா மாமா இறந்துபோனார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரெஞ்சில் சொல்தா என்றால் சிப்பாய், அதனால் தெருவில் அந்தப் பெயர். ஒரே மகன் பிலிப்பும் அங்கே ராணுவத்தில்தான். லீவு கிடைக்கவில்லை. "மூஞ்சியாவது காட்டும்மா" என்று போனில் அழுதிருக்கிறான். நாலு மணிக்குக் கோவிலில் பூசை, அங்கிருந்து நேராகக் கல்லறை. அதற்குள் வீட்டுக் கம்ப்யூட்டரின் கேமராவில் அவனுக்கு அப்பாவைக் காட்டிவிட வேண்டும். அத்தை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

உள்ளறையிலிருந்த கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து, கூடத்தில் மாமாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் வைத்தேன். பெட்டி சொருகியிருந்த அதே ஜங்ஷன் பாக்ஸில் இதையும் சொருகிப் பட்டனை அமுக்கினேன். உள்ளே விசிறி அரைச்சுற்று சுற்றியது. பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. அவ்வளவுதான்.

"செத்துப்போச்சி" என்றேன். (சாவு வீட்டில் இந்த வார்த்தையை அன்று எட்டுத் தடவை உரக்கச் சொன்னேனாம்.)

"என்னாப்பா ஆச்சி?" என்றார் மாமாவின் தம்பி.

"ரேம் லூசு மாமா. அஞ்சே நிமிஷம்."

ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். அரைச்சுற்று. பட்டன் பேட்டரியைப் பிடுங்கிப் போட்டேன். அரைச்சுற்று. அடுத்து கம்ப்யூட்டரின் பவர் சப்ளை மேல் சந்தேகம் வந்து அதையும் கழற்றினேன். மெழுகுவத்திக்கும் மலர் வளையத்துக்கும் நடுவே பெஞ்சு முழுக்க என் கடை. மாலை போட வந்த ஓர் அம்மாள் மதர்போர்டைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏம்பா, நீ சரி பண்றியா, இதுக்கும் சேத்து ஒரு குழி வெட்டச் சொல்லட்டா?" என்றார் மாமாவின் தம்பி.

மூன்றரை. போன் அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு அத்தை என்னிடம் வந்தார். "புள்ள அங்க கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துனு இருக்கானாம். சட்டைகூட மாத்தலியாம்."

எல்லாவற்றையும் திருப்பி மாட்டி மறுபடி அமுக்கினேன். அரைச்சுற்று.

அத்தைதான் கண்டுபிடித்தார். காலையிலிருந்து ஐஸ் பெட்டியின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்.

"தம்பி, இது உறுமினே இருக்குது. இது உறுமறப்ப அதுக்கு மூச்சு வரல. ஒண்ணு ஓடுனா ஒண்ணு ஓடாது போல. அவரத புடுங்கு."

"அத்தை, மாமா..."

"ஃபேனை நிறுத்துனாலே சண்டைக்கு வருவாரு. இன்னிக்கு ஒண்ணும் சொல்லமாட்டாரு. புடுங்கு."

பிடுங்கினேன். பட்டனை அமுக்கினேன். விசிறி முழுச்சுற்று சுற்றியது! திரை விழித்தது, லைன் கிடைத்தது, பிலிப்பின் முகம் தெரிந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய, "வந்துடுச்சி! வந்துடுச்சி!" என்று கத்தினேன். கேமரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூடத்தில் அழுகை நின்றது. திரையில் சீருடையோடு, கைகூப்பியபடி, பிலிப் என் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கேமராவை மாமா பக்கம் திருப்பினேன். கண்ணாடி மூடியெல்லாம் பனி. அத்தை முந்தானையால் துடைத்தார். முதலில் நெற்றி தெரிந்தது. புருவம் தெரிந்தது.

"அப்பா," என்றான் பிலிப். "அப்பா, நானு..."

அதற்குள் யாரோ ஒரு நல்ல மனுஷன், "எவன்டா பெட்டிய அணைச்சது!" என்று பிளக்கைச் சொருகினார். பெட்டி உறுமியது. திரை இருண்டது.

மறுபடி பிடுங்கி, மறுபடி கிளப்பினேன். திரை பாதி விழிப்பதற்குள் கோவில் மணி அடித்துவிட்டது. தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்து பிலிப் வந்தான். கல்லறைக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். அடிப்பான் என்றுதான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

"அண்ணே, அப்பாவ நெனச்சிக் கண்ண மூடுனா, மொதல்ல உங்க பல்லுதாண்ணே வருது. அதுக்கப்புறந்தான் அவரு புருவம்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கும் தெருவில் ஒரு சாவு என்றால், நான் செருப்பை மாட்டும்போதே என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "ஸ்க்ரூ டிரைவர வீட்லயே வச்சிட்டுப் போங்க. பல்லையும்."