குடலுக்கு ஒரு டிராயிங் நம்பர்

தன் குடலை அளவெடுத்து வரைந்து, அதற்கு டிராயிங் நம்பரும் கொடுத்து, பத்து பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். எழுபதுகளின் கடைசியில், நெய்வேலியில் எங்கள் டிராயிங் ஆபீஸில், எனக்கு இரண்டு மேஜை முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும். மற்றபடி எல்லோருக்கும் அவர் ரிவிஷன் சார். என் படத்தின் மேல் அவருடைய சிவப்புப் பென்சில் இறங்கினாலே எனக்குப் பயம். மைன்ஸில் ஒரு படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி போடுவதென்றாலும் படம் வரைந்து, திருத்தி, திருத்தியதை மறுபடி திருத்தி, கீழே மூன்று கையெழுத்தும் விழுந்த பிறகுதான் வெல்டர் கம்பியைத் தொடலாம். யாராவது அவசரப்படுத்தினால், "படம் இல்லாம வேலை இல்லை" என்பார். பெரிய அதிகாரி ஒருவரிடமும் அதையேதான் சொன்னார். பெரிய அதிகாரி காத்திருந்தார்.

இப்பேர்ப்பட்டவருக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். ஒரு ஷிஃப்டுக்குள் பத்து, பன்னிரண்டு தடவை கக்கூஸுக்கு ஓடுவார். ரத்தமாகப் போகிறது என்பதை மறைக்கவும் மாட்டார். இன்றைக்கு எத்தனை தடவை, என்ன நிறம் என்று டீ நேரத்தில் விவரம் சொல்லி எங்கள் பிஸ்கட்டைக் கெடுப்பார். ஸ்டீராய்டு மாத்திரை அவர் முகத்தைப் பூரி மாதிரி உப்ப வைத்ததே தவிர, புண்ணை ஆற்றவில்லை. கடைசியில் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், பெருங்குடலை எடுத்துவிடுவதுதான் வழி என்று சொல்லிவிட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருப்பார். இவர் எக்ஸ்ரே ஃபிலிமை ஆபீஸுக்குக் கொண்டுவந்து, கண்ணாடி மேஜையில் வைத்து, மேலே டிரேசிங் பேப்பரை ஒட்டி வரைய ஆரம்பித்தார். டீ கொண்டுவந்த கம்மாபுரத்து அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னா சார் வரைஞ்சிகினு இருக்கீங்க? புது கன்வேயருங்களா?"

"இல்லய்யா. என் குடல்."

அட்டெண்டர் டீயை வைக்காமலேயே திரும்பிப் போய்விட்டார். நாங்கள் மேஜையைச் சூழ்ந்துகொண்டோம். சோறு உள்ளே போகிற வழி தெரியும், வெளியே வருகிற வழி தெரியும். நடுவில் இத்தனை வளைவு இருக்கிறது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள், நான் சாப்பிட்ட இட்லி இப்போது எந்த வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் என்பதே எனக்கு யோசனை.

சர்ஜனைப் பார்க்க என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி செல்லம்மா அக்காவும் வந்தார். சர்ஜன் படத்தைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார் இது? இடம் வலம் எல்லாம் மாறி இருக்கு."

"நான் குனிஞ்சு பாக்குற மாதிரி வரைஞ்சிருக்கேன் டாக்டர். கீழே நோட் போட்டிருக்கேன் பாருங்க, ஓனர் பக்கத்துப் பார்வைன்னு."

"ஆபரேஷன் பண்றது ஓனர் இல்லை, நான்!"

ரிவிஷன் சார் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். படத்தின் ஓரத்தில் 'ரிவிஷன் ஒன்று' என்று குறித்துக்கொண்டார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். எங்கே வெட்டுவீர்கள்? சிறுகுடலின் முனையை மலக்குடலோடு எப்படிச் சேர்ப்பீர்கள்? எத்தனை வரிசை தையல்? ஜாயிண்ட் தாங்காவிட்டால்? முதலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சர்ஜனுக்கும் மெல்லச் சுவாரசியம் தட்டிவிட்டது. ஜாயிண்ட் கசியலாம், கசிந்தால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும், ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு சீக்கிரம் ஆறாது என்றார். சீழ் பிடிக்கலாம். காலில் ரத்தம் உறையலாம், அதனால் மறுநாளே நடக்க வேண்டும். பல வருஷம் கழித்துக்கூடக் குடல் ஒட்டிக்கொண்டு அடைக்கலாம். ஜாயிண்ட் கசிந்தால் அதைப் பிரித்து, சிறுகுடலின் முனையை வயிற்றில் துளை போட்டு வெளியே எடுத்து, பை மாட்ட வேண்டியிருக்கும்.

"அதுக்கும் ஒரு படம் போட்டுடலாமா?" என்றார் ரிவிஷன் சார்.

"அது தேவைப்படாதுன்னு நம்புவோமே" என்றார் சர்ஜன்.

படத்தில் சர்ஜன் கையெழுத்துப் போட்ட பிறகுதான், ஆஸ்பத்திரியின் சம்மதத் தாளில் இவர் போட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாளே அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார்.

ஆறாம் நாள் காலையில் நான் போனபோது கட்டிலைச் சுற்றிக் கூட்டம். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. ஜாயிண்ட் கசிந்துவிட்டது, உடனே திறக்காவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சர்ஜன் சொல்லிவிட்டார். சம்மதத் தாளை நீட்டினார்கள்.

ரிவிஷன் சார் பாதிக் கண்ணைத் திறந்து, "படம்?" என்றார்.

"என்னங்க, படத்தைப் பத்திப் பேசுற நேரமா இது?" என்று அக்கா அழுதார். "டாக்டர், நான் போடுறேன் கையெழுத்து."

"வயிறு என்னுது செல்லம்மா. படம் இல்லாம வேலை இல்லை."

அக்கா என்னைப் பார்த்தார். நான் பேனாவை எடுத்தேன். எட்டு வருஷமாகக் கோடு போட்ட கைக்கு, முதல் கோட்டை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சர்ஜன் என்னிடமிருந்து பேனாவைப் பிடுங்கி, ஒரு தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தார். வயிறா அது? மரவள்ளிக்கிழங்கு! அதன் மேல் ஒரு கோணல் வட்டம். வட்டத்திலிருந்து தொங்குகிற ஒரு பை. அளவு கிடையாது, நோட் கிடையாது.

"இவ்வளவுதான் சார். குடல் முனை இங்க வரும், பை வெளியில இருக்கும், நீங்க உயிரோட இருப்பீங்க. இதுக்கு மேல எனக்கு வரையத் தெரியாது."

ரிவிஷன் சார் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வாங்கிப் பார்த்தார். குறைந்தது பதினைந்து திருத்தம் சொல்லப்போகிறார், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"சரியா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பிழைத்துக்கொண்டார். பையை வேட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு ரிடையர் ஆகும்வரை வேலைக்கு வந்தார். உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிவிடக் கூடாது என்று மேஜை மேல் எப்போதும் உப்புப் போட்ட மோர் இருக்கும். கேட்டவர்களுக்கெல்லாம் பை வேலை செய்கிற விதத்தை விளக்கினார், கேட்காதவர்களுக்கும் விளக்கினார்.

அன்றைக்கு ஸ்ட்ரெச்சர் ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தாண்டியதும், நான் வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து விக்கி விக்கி அழுததை மட்டும் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதுவரை அவர்மேல் எனக்கு இருந்தது வெறும் பயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.