எமனிடம் பில்லை கேட்டவர்

எமதர்மனையே நடுத்தெருவோடு திருப்பி அனுப்பிய மனிதர் சென்னைப் பட்டணத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் கல்மண்டபத்துப் பில்லை நைனா. கேட்ட கதையைச் சொல்லவில்லை, இரண்டு கண்ணாலும் பார்த்ததைச் சொல்கிறேன்.

பகல்வேஷக்காரர் ஒருவர் எமன் வேஷம் கட்டி, அட்டைக் கிரீடமும் பாசக்கயிறுமாக எங்கள் தெருவில் வீடு வீடாக அரிசி வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் அலறிக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஓடினார்கள். நைனா மட்டும் நடுத்தெருவில் நின்று கையை நீட்டினார்.

“பில்லை எங்க?”

“அடே நரனே, நான் எமன்!”

“எமனா கீறியா, ரொம்ப சந்தோசம். உசிர எடுக்கறதுக்கு சர்க்காரு குடுத்த பில்லை எங்க? நம்பர் இல்லாத நீ பாட்டுக்கு உசிர எடுத்துகினு பூட்டா, அப்பால நாங்க யார்கிட்ட போய் கேக்கறது?”

எமன் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். மீசையைச் சரி செய்துகொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

பில்லை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் போர்ட்டர்களுக்கு லைசென்ஸ் உண்டு. அதற்கு அடையாளமாகக் கையில் ஒரு பித்தளை வட்டு கட்டியிருப்பார்கள். நடுவில் நம்பர், சுற்றி இங்கிலீஷ் எழுத்து. நைனாவின் நம்பர் நூற்றுப் பதினேழு. ஆள் குள்ளம், என் மார்பு உயரம்தான் இருப்பார். ஆனால் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த அந்தப் பில்லையைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தால், முதலில் பில்லை வரும், பிறகுதான் அவர் வருவார். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார். பட்டு வேட்டி கட்டியும் பில்லையைக் கழற்றாமல் தாலி கட்டினார் என்று சொல்வார்கள். அந்தக் கல்யாணத்தில் ஐயரிடம் பில்லை கேட்டார் என்றும் சொல்வார்கள். அது மட்டும் எனக்குத் தெரியாது.

கை வண்டிக்காரன், கிளி ஜோசியன், ஐஸ் விற்கிறவன், யாரையும் அவர் விட்டதில்லை. பில்லை இருந்தால் அதை வாங்கிக் கட்டைவிரலால் தடவுவார். எழுதப் படிக்கத் தெரியாது, விரல்தான் அவருக்குக் கண். பிறகு சிகரெட் பெட்டித் தாளை அதன்மேல் வைத்து, காதில் செருகியிருக்கும் பென்சிலால் தேய்த்து, அச்சு எடுத்து மடியில் முடிந்துகொள்வார். எங்கள் தெருவுக்குள் நுழைந்த அத்தனை நம்பரும் அவர் மடியில் இருந்தது.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒரு நாள் கேட்டேன்.

“பினாங்கு கப்பல்லேர்ந்து ஒரு பொம்பள வந்து எறங்குச்சிடா. எவனோ ஒர்த்தன் போர்ட்டருன்னு சொல்லி பெட்டிய தூக்கிகினு பூட்டான். கையில பில்லை இல்ல. அது அங்கியே குந்திகினு கீது, வருவான் வருவான்னு. பொயுது சாயறவரைக்கும் குந்திகினு கீது. பில்லை இருந்தா நம்பர் கீது. நம்பர் இருந்தா ஆளு கீறான். அவ்ளோதான்டா.”

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதை இரண்டு வருஷம் படித்ததால் கணக்குப்படி நாலாம் வகுப்பு. இன்றைக்குத் திருவொற்றியூரில் எனக்கு மூன்று ஷெட். என்ஜினியர் படிப்பு படித்தவர்கள் என்னிடம் வந்து, “அண்ணே, இந்தச் சத்தம் எங்கேயிருந்து வருது?” என்று கேட்கிறார்கள். நான் மெஷின் மேல் காதை வைத்துச் சொல்லிவிடுவேன். ஆனால் நான் சொல்கிற காலத்தில், வெள்ளைக்காரன் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது, கல்மண்டபத்தில் ஒரு பாயின் லேத்துப் பட்டறையில் நான் வேலையாள். பித்தளையில் எழுத்து அடிப்பதில் ராயபுரத்திலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நைனா வீட்டுச் சொம்பு, கரண்டி, தோசைத்திருப்பி வரைக்கும் நூற்றுப் பதினேழு என்று நம்பர் அடித்துக் கொடுத்தவன் நான். எங்கள் பட்டறையில் ஏழு என்ற எண்ணை அடிக்கிற உளி கொஞ்சம் மூக்கு உடைந்தது. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நைனாவுக்கு ஒரே மகள், ஏழு வயசு. தாய் இல்லாத பெண். சிட்டு என்று கூப்பிடுவோம். அவளிடம் ஒரு வித்தை இருந்தது. அழு என்றால் அழுவாள். சும்மா சிணுங்கல் இல்லை, பொலபொலவென்று நிஜக் கண்ணீர். “சிட்டு, ஒரு தபா அயுவு” என்று முறுக்கை நீட்டினால், முகம் கோணும், உதடு துடிக்கும், கண்ணீர் கன்னத்தில் இறங்கும். பார்க்கிற பெண்கள் சேர்ந்து அழுவார்கள். அடுத்த நொடி முறுக்கைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். காதில் அவள் அம்மாவின் சிவப்புக்கல் கம்மல் அப்போது ஆடும்.

இந்தத் தெருவுக்குத்தான் டேப்பு ஏஜெண்டு வந்து சேர்ந்தார். சில்க் ஜிப்பா, அத்தர் வாசனை, சட்டைப் பையில் தங்க மூடி போட்ட பேனா, கழுத்தில் தையல்காரர் டேப்பு. சினிமாவுக்குக் குழந்தைகள் வேண்டும் என்றார். வரிசையாக நிற்க வைத்து முகங்களை அளந்தார். நெற்றி இத்தனை விரல், கன்னம் இத்தனை விரல் என்று சொல்லச் சொல்ல, தாய்மார்கள் அவரவர் பிள்ளையின் மூக்கைத் துடைத்து முன்னால் தள்ளினார்கள். இரண்டே விதி சொன்னார். ஒன்று, பெற்றவர்கள் ஸ்டூடியோவுக்குள் வரக்கூடாது. “பெத்தவங்களைப் பார்த்தா குழந்தைக்கு நடிப்பு வராதும்மா.” இரண்டு, இருக்கிற நகையைப் போட்டு அனுப்ப வேண்டும். “ராஜகுமாரி வேஷம் இல்லையா?”

கூட்டத்தின் நடுவே ஒரு குள்ளக் கை நீண்டது.

“பில்லை எங்க?”

“பில்லையா? நான் சினிமா ஏஜெண்டு ஐயா. கோடம்பாக்கத்தில் என் பேரைச் சொன்னா ஸ்டூடியோ கேட்டு தானா திறக்கும்.”

“தொறக்கட்டும். பெட்டி தூக்கறவனுக்கே சர்க்காரு நம்பர் போட்டு பில்லை குட்த்துகீது. நீ கொயந்தைய தூக்கிகினு போறேன்ற. உனுக்கு நம்பர் வாணாவா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு தெருவில் ஒரு பிள்ளை நிற்கவில்லை. முன்னால் தள்ளிய கைகளே பின்னால் இழுத்துக்கொண்டன. ஏஜெண்டு டேப்பைச் சுருட்டிக்கொண்டு நடந்தார். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். நான் ஒருவன் அந்தத் தெருவில் பிறக்காமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

அவர் நேராக எங்கள் பட்டறைக்கு வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஏஜெண்டு முதலில் பில்லை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டேப்பை எடுத்து என் மூக்கை அளந்தார்.

“தம்பி, இந்த மூக்கை வச்சுக்கிட்டு இங்கே என்ன செய்றீங்க? இது போலீஸ் இன்ஸ்பெக்டர் மூக்கு. இந்த மூக்கைத் தேடித்தான் ஆறு மாசமா அலையறேன்.”

என் மூக்கு நல்ல மூக்குதான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அதுவரை யாரும் அதை அளந்ததில்லை. இன்ஸ்பெக்டர் வேஷத்துக்குப் பதிலாக ஒரு சர்க்கார் பில்லை அடித்துத் தரச் சொன்னார். அரை மணி நேரத்தில் ஒரு பித்தளை வட்டு வெட்டினேன். நம்பர் என்ன என்று கேட்டேன். “ராசியானது, வரிசையா மூணு ஏழு” என்றார். சுற்றிலும் இங்கிலீஷ் எழுத்து வேண்டுமே! எனக்கோ இங்கிலீஷ் தெரியாது. எங்கள் லேத்து சீமையிலிருந்து வந்தது. அதன் பக்கத்தில் ஒரு தகட்டில் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. அந்த எழுத்தை அப்படியே, ஒரு வளைவு மாறாமல் அடித்தேன். ஏஜெண்டு திருப்பித் திருப்பிப் பார்த்து, “பலே, சர்க்கார் பில்லையேதான்” என்றார். தங்க மூடிப் பேனா வைத்திருந்தவருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை நைனா அந்தப் பில்லையைக் கையில் வாங்கினார். தடவினார். கட்டைவிரல் ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு தாளை வைத்து அச்சு எடுத்தார். நிமிர்ந்து, காலைச் சேர்த்து வைத்து, ஏஜெண்டுக்கு ஒரு சலாம் போட்டார்.

“மன்ச்சிக்க சார். நேத்து மருவாதி இல்லாத பேசிட்டேன். பில்லை கீற ஆளு நீ. எம்பொண்ண மொத மொத இட்டுகினு போ.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஏஜெண்டு என்னைப் பார்த்து, விரலால் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். சிட்டு பாவாடை சட்டையில், அம்மாவின் கம்மலோடு, தெரு முழுக்கக் கையாட்டிக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்குள் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னவர் மூன்று மணிக்கும் வரவில்லை. நைனா பட்டறைக்கு வந்தார். முகத்தில் பயமே இல்லை.

“வாடா, டேசன் வரைக்கும் போய்ட்டு வரலாம். நம்பர் கீது, புட்ச்சிடலாம்.”

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ஆங்கிலோ இந்திய சார்ஜெண்ட். நைனா மடியிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் விரித்து, ஓரத்தைக் கையால் நீவிவிட்டார். சார்ஜெண்ட் படித்தார். மறுபடி படித்தார். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“யோவ், இதிலே என்ன எழுதியிருக்கு தெரியுமா மேன்? ‘தினமும் இங்கே எண்ணெய் விடவும்.’ எங்கே விடறது மேன், அவன் தலையிலேயா?”

நைனாவும் சிரித்தார், பெரியவர் சிரிக்கிறாரே என்று. “நம்பர் மூணு ஏழு சார்” என்றார்.

“இது பில்லையே இல்லை மேன். மெஷின் தகடு.” சொல்லிவிட்டு சார்ஜெண்ட் நைனாவின் முகத்தைப் பார்த்தார். சார்ஜெண்டின் சிரிப்பு நின்றுபோனது. “எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனான்?” என்று மெதுவாகக் கேட்டார்.

கோடம்பாக்கம் என்ற ஒரு சொல்தான் எங்களிடம் இருந்தது. போலீஸ்காரர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்டூடியோ கேட்டாகப் போனோம். மூன்றாவது கேட்டில், காவல்காரரின் முக்காலியில், கால் தரையில் எட்டாமல் சிட்டு உட்கார்ந்திருந்தாள். காதில் கம்மல் இல்லை. காவல்காரர் சொன்னார்: “காலையிலேர்ந்து இப்படியே இருக்கு. வீடு எங்கேன்னு கேட்டா வாயே திறக்கல. எங்க நைனா நம்பர் நூத்திப் பதினேழுன்னு மட்டும் சொல்லுது.”

அவர் மார்பில் பளபளவென்று ஒரு பித்தளைப் பில்லை இருந்தது. நைனா அதைப் பார்க்கவே இல்லை.

சிட்டு இறங்கி ஓடி வந்தாள். “நைனா, அயுதா சான்ஸ் பூடும்னு அந்த மாமா சொன்னாரு. கம்மல கயட்டிகினாரு, அப்பகூட நான் அயுவல. இருட்ட போவுது, இன்னும் அயுவல நைனா. சான்ஸ் கெடிச்சிடும்ல?”

இருபது வருஷம் மூட்டை தூக்கிய மனிதர் அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அன்றைக்கு ஸ்டேஷனும் கிடைத்தது, சார்ஜெண்டும் கிடைத்தார். இன்ஸ்பெக்டர் வேஷம் மட்டும்தான் கிடைக்கவில்லை. அந்த ஏஜெண்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு விஷயம் நின்றுபோனது. முறுக்கை நீட்டி, “சிட்டு, ஒரு தபா” என்று கேட்டால் அவள் முயன்று பார்ப்பாள். முகம் கோணும். பிறகு, “வர்ல” என்று சொல்லிவிட்டு முறுக்கை வாங்காமல் போய்விடுவாள். நைனாவும் யாரிடமும் பில்லை கேட்கவில்லை. கிளி ஜோசியன் தானாகவே போய் எதிரில் நின்று பார்த்தான். ஐஸ்காரன், “நைனா, என்னாண்ட பில்லை கெடையாது, இன்னா பண்ணுவ?” என்று வம்புக்கு இழுத்துப் பார்த்தான். “போய்யா, போய் பொழப்ப பாரு” என்று மட்டும் சொன்னார். அந்தக் கேள்வி இல்லாத தெருவில் நடக்க எனக்கு எப்படியோ இருந்தது.

அதற்குப்பின் ஒன்றரை வருஷம் அவர் கண்ணில் படாமல் சுற்றுவழியாகப் பட்டறைக்குப் போனேன். கடைசியில் சொந்தமாகத் தொழில் வைக்கக் கிளம்பும்போது, தாங்க முடியாமல் அவர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

“நைனா, அந்தப் பில்லை…”

“தெர்யும்.”

எழுந்து போய்ச் சொம்பை எடுத்துவந்தார். மடியிலிருந்து அந்த நைந்த தாளையும் எடுத்தார். இரண்டையும் என் முன்னால் வைத்தார். “இங்க பாரு, ஏயுக்கு மூக்கு ஒடைஞ்சி கீது. அதுல மூணு ஏயுக்கும் மூக்கு ஒடைஞ்சி கீது. அன்னிக்கே வெரலுக்கு தெர்ஞ்சிதுடா. பில்லை கீதுன்ற குஷில வுட்டுட்டேன். எம்மேலயும் தப்பு கீது.”

“அப்ப போலீசுல ஏன் என்னைச் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? உனுக்கு ஏதுடா நம்பர்? நம்பர் இல்லாதவன எப்டி புட்ச்சி குடுக்கறது?”

சிரித்தார். நான் அழுதேன். சிட்டு கதவோரம் நின்று, தனக்கு மறந்துபோன வித்தையை வேறு ஒருவன் செய்வதைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது, “போற எடத்துல ஒயுங்கா ஒரு நம்பர் வாங்கிக்கடா” என்றார்.

வாங்கினேன். பட்டறைக்கு லைசென்ஸ் கிடைத்த அன்றே புது உளி செய்து, அந்த நம்பரைப் பித்தளையில் அடித்து, வாசல் கதவில் பதித்தேன். அதற்குள் அவர் மகளோடு எண்ணூர்ப் பக்கம் குடி போயிருந்தார். இரண்டு முறை ஆள் அனுப்பினேன். வரவில்லை.

இன்றைக்கும் ஜிப்பா போட்ட ஆசாமிகள் குழந்தைகளின் கன்னத்தைக் கிள்ளி, சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். என் பட்டறை ஆட்கள் எவனாவது பிள்ளையின் போட்டோவோடு லீவு கேட்டு வந்தால், நான் முதலில் கேட்பது நைனாவின் கேள்வியைத்தான். எவ்வளவு கத்திக் கேட்டாலும் அவர் கேட்ட மாதிரி வருவதில்லை.

என் பட்டறைக்கு வருகிற பெரிய பெரிய ஆட்கள் எல்லாரும் வாசல் கதவில் உள்ள அந்த நம்பர்த் தகட்டைக் குனிந்துதான் படிக்க வேண்டியிருக்கிறது. “ஏன் அண்ணே இவ்வளவு கீழே அடிச்சிருக்கீங்க?” என்று கேட்கிறார்கள். கட்டைவிரலால் படிக்கிற ஒருவர் வந்தால் அவருக்கு எட்ட வேண்டும் அல்லவா?