என் பங்குச் சோற்றைத் தின்றவர்

எங்கள் கரையில் ஒரு மனிதனுக்கும் அவனுடைய சோற்றுக்கும் நடுவில் வந்து நிற்கத் துணிந்தவர், நானறிந்த வரையில், ஒரே ஒருவர்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் கல்முனையில் யாருக்கும் ஆள் விளங்காது. கால்வாசி சேர் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் போசணை ஆலோசனை சொல்வது அவருடைய வேலை. மலைப்பக்கத்து ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர். ஆள் ஒல்லி, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டால்தான் காற்சட்டை இடுப்பில் நிற்கும். மேசையில் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வைத்திருப்பார். அதில் பெயின்ட்டால் கோடு கீறியிருக்கும். பாதி பச்சை, அது மரக்கறிக்கும் இலைவகைக்கும். கால்வாசி மண்ணிறம், அது மீனுக்கும் பருப்புக்கும் முட்டைக்கும். மிச்சக் கால்வாசிதான் சோற்றுக்கு. அதைக் கண்டதும் வயல்காரர்களின் முகம் கறுத்துவிடும். விதைத்து, மழைக்கும் யானைக்கும் தப்பவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த நெல்லுக்கு அவ்வளவுதானா இடம்? நற்பிட்டிமுனையிலிருந்து வந்த ஒருவர் பச்சைப் பக்கத்தைத் தொட்டுக் காட்டி, "சேர், இது ஆட்டுக்கா, எனக்கா?" என்று மரியாதையாகவே கேட்டாராம்.

நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம், என்று போன என்னிடம் அவர் முதலில் கேட்டது, ஒரு நேரத்துக்கு எவ்வளவு சோறு சாப்பிடுவீர்கள் என்று. கொஞ்சம் என்றேன். அந்தக் கொஞ்சத்தைக் கையால் காட்டச் சொன்னார். காட்டினேன். என் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நானா, இதுக்குள்ள ஒரு புள்ளயத் தூங்க வைக்கலாம்" என்றார். அண்ணனை நாங்கள் காக்கா என்று சொல்கிற இடத்தில் அவர் ஊர்க்காரர்கள் நானா என்பார்கள்.

அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலாவது எங்களுக்கு நிம்மதி என்றால் அதுவும் இல்லை. பின்னேரமானால் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வரும். அதற்குப் பின்னால் அதே வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும். பாட்டுக் கேட்டதும் சீனி வருத்தக்காரர்கள் சீனிப் பணிஸ் வாங்கக் கேற்றைத் திறந்துகொண்டு வருவார்கள். ஓட்டோவுக்குப் பின்னால் இருக்கும் முகத்தைக் கண்டதும், காற்று வாங்க வந்தவர்களைப் போல ஆகாயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர் ஒரு வார்த்தை கதைக்கமாட்டார், சும்மா சலாம் சொல்வார். தன் பிழைப்பில் இந்த மனிதருக்கு என்ன பகை என்று பாண்காரர் சாரம், கைலி விற்கிற என் கடைக்கு வந்து அழாக்குறையாகக் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தப் பணிஸ்களில் ஒன்று எனக்குரியது என்பது மட்டும் தெரியும்.

இந்தக் கூத்தையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பார்த்திருப்பேன். ஆனால் அந்த நாட்களில் என் வலது கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று சத்திரசிகிச்சை டொக்டர், சட்டையில் பொத்தான் மாற்றுகிற மாதிரி, சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் போய்க் கால்வாசி சேரின் முன்னால் உட்கார்ந்தேன். நான் பயந்துபோயிருந்தேன். அவர் பகிடி எதுவும் விடவில்லை. பீங்கானை என் பக்கம் தள்ளிவிட்டு, "வெரல் போகாது நானா. இந்தக் கோட்டத் தாண்டாதீங்க" என்றார்.

தாண்டவில்லை. இலைச் சுண்டல் தின்றேன், பிளேன்டீயைச் சீனி இல்லாமல் குடித்தேன். சீனியும் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகளுக்குக் கலியாணம் வந்தது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் விருந்தில் ஆளுக்கொரு பீங்கான் கிடையாது. பெரிய தட்டத்தில் சோற்றைக் குவித்து, கறிகளை வைத்து, ஆறு பேர் தரையில் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். அதுதான் சஹன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களோடு ஒரே சஹனில் இருக்க வேண்டியவன் தாய்மாமனான நான். பேருக்குக் கை நனைத்துவிட்டு எழும்பினால், மாமனுக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லை என்று அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னமே கதை கிளம்பிவிடும். இருந்து சாப்பிட்டால் அன்பின் பேரில் ஆளாளுக்கு என் பக்கம் சோற்றைத் தள்ளுவார்கள். அதைத் தடுக்க முடியாது.

இதைச் சேரிடம் சொன்னேன். "ஆறு பேர்ர சோத்துல என்ட கால்வாசி எங்க சேர் இரிக்கி?"

வாழ்நாளெல்லாம் சஹனில் சாப்பிட்டு வளர்ந்த மனிதர்தான் அவரும். ஆனால் இந்தக் கேள்வி அவருக்கு அதுவரை வரவில்லை போலும். கோடு கீறிய பீங்கானை எடுத்தார், திருப்பினார், வைத்தார்.

கலியாணத்தன்று பகல் நாங்கள் சஹனுக்கு உட்கார்ந்தபோது, பந்தல் வாசலில் வெள்ளைச் சாரமும் சேர்ட்டுமாக அவர் நின்றார். நான் அழைக்கவில்லை. நேரே வந்து, என் இடப்பக்கம் இருந்தவரிடம் கொஞ்சம் தள்ளிக் குந்தும்படி கேட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பிஸ்மி சொல்லி இறைவன் பெயரால் தொடங்கினார். சின்ன விரலால் என் முன்னால் சோற்றில் ஒரு கோடு கீறினார். கத்தரிக்காய்ப் பிரட்டலையும் வெள்ளரிக்காயையும் என் பக்கம் தள்ளினார்.

"இது ஒங்களுக்கு நானா. மத்தது எனக்கு."

சஹனில் தன் முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் ஒழுங்கு அது. அவர் அதை எல்லோர் கண் முன்னாலும் மீறினார். மாப்பிள்ளையின் பெரியவாப்பா நல்ல நெஞ்செலும்பு இறைச்சியாகப் பார்த்து என் பக்கம் தள்ளுவார். அது கோட்டைத் தாண்டுமுன் சேரின் கைக்குள் இருக்கும். சோறு தள்ளினால் சோறு போனது. கோழிக்கால் போனது. கடைசியில் இனிப்புக்கு வட்டலப்பம் வந்தபோது என் பங்கையும் அவர் பங்கையும் அடுத்தடுத்து முடித்தார். அந்த ஒல்லி உடம்பில் அதெல்லாம் எங்கே போனது என்று நான் பயந்தேன். நெற்றியில் வியர்வை வழிய, மூச்சு வாங்கிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி குனிந்த தலை நிமிராமல் தின்றார்.

பெரியவாப்பா என் காதுக்குள், இவர் யார் என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரி சேர். ஆக்களக் கொறைச்சித் தின்னச் சொல்றவர்" என்றேன்.

பெரியவர் வெறுமையாகிக்கொண்டிருந்த சஹனைப் பார்த்தார். "ஓம், வெளங்குது" என்றார்.

மறுநாள் ஊர் முழுக்க அதுதான் கதை. சேரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு லீவில் கிடந்தார். எனக்கு விரல் பிழைத்தது, அவருக்கு மானம் போயிற்று, இனி அவரிடம் யார் போவார்கள் என்று நான் வருந்தினேன். எங்கள் ஊரை நான் சரியாக அறியவில்லை. அவர் திரும்பி வந்த அன்று கிளினிக் வாசலில் முன்பில்லாத சனம். அதுவரை அவரை நம்பாததற்குக் காரணமே அவர் ஒல்லியாக இருந்ததுதானாம். சாப்பிடத் தெரியாத மனிதர் சொல்லி நாம் ஏன் குறைக்க வேண்டும்? இப்போது பார்த்தால் ஆள் ஒரு சஹனை ஒற்றைக் கையால் முடிக்கக் கூடியவர். அப்படிப்பட்டவரே கால்வாசி போதும் என்றால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும். அவர் தின்றது எனக்காக என்று நான் எத்தனையோ பேரிடம் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "பசிச்சிரிக்கும்" என்றார்கள்.

நம்பியவர்கள் சீனி வருத்தக்காரர்கள் மட்டும்தான். அவர்கள் நம்பியது இன்னும் ஆபத்தாகப் போயிற்று. கலியாணம், பேர் வைப்பு, புது வீடு குடிபோவது என்று எதற்கும் சேர் தங்கள் சஹனில் இருக்க வேண்டும் என்று நின்றார்கள். மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. சாய்ந்தமருதிலும் தின்றார், மருதமுனையிலும் தின்றார். எங்களுக்கெல்லாம் வயிறு உள்ளே போகப் போக, அவருக்கு மட்டும் வெளியே வந்தது. பெல்ட்டில் போட்ட புது ஓட்டைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

பிறகு அவருக்குச் சொந்த ஊருக்கே மாற்றல் கிடைத்தது. போகுமுன் என் வீட்டில் ஒரு சஹன் வைத்தேன். அவரும் நானும், அவரிடம் ஆலோசனை கேட்ட நாலு பேரும். உட்கார்ந்தவர் வழக்கம் போல என் முன்னால் கோடு கீற விரலை நீட்டினார். அவருடைய சீனி எப்படி இருக்கிறது என்று நான் சும்மாதான் கேட்டேன். விரல் சோற்றுக்கு மேலே நின்றது.

"கோட்டு ஓரத்துல நிக்கிது நானா" என்றார், களவு பிடிபட்ட பிள்ளையைப் போல.

நான் அவர் முன்னால் ஒரு கோடு கீறினேன். கத்தரிக்காயை அவர் பக்கம் தள்ளினேன். ஒழுங்கை மீறி, அவர் பக்கத்துச் சோற்றை என் பக்கம் இழுத்தேன்.

"இது ஒங்களுக்கு சேர். மத்தது எனக்கு."

அவர் சோற்றைப் பார்க்கவில்லை. மடித்து உட்கார்ந்திருந்த என் வலது காலைப் பார்த்தார். பெருவிரல் அதன் இடத்தில் இருந்தது.

"இண்டைக்கி மட்டும்" என்றார்.

அந்த மனிதர் எனக்குத் தந்த ஒரே அனுமதி அதுதான். அவர் பங்கை நான் முழுக்கத் தின்றேன். கண்ணைத் துடைக்க வழியில்லை, கை முழுக்கச் சோறு.