ஃபிரிட்ஜில் குடியேறிய மேய்ச்சல் நிலம்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர மற்ற அனைவரும் நலம். தங்கள் நலமும் மாடுகளின் நலமும் அறிய ஆவல்.

மேய்ச்சல் நிலத்தில் முள்செடி மண்டிவிட்டது, மாடுகளை விற்றுவிட்டு நிலத்தை வீடு கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, அதை நான் மட்டும் படித்திருந்தால் 'ஐயோ பாவம்' என்பதோடு முடிந்திருக்கும். என் மகள் படித்துத் தொலைத்துவிட்டாள். அவள் வேலை பார்க்கும் விதைக் காப்பகத்தில், படிக்கிற காலத்தில் உங்கள் நிலத்தில் பொறுக்கிய காட்டுப் புல் விதைகளும், மாடுகள் முட்டி மோதி மேயுமே அந்த ஊதாப்பூக் கொடியின் விதைகளும் குளிரறையில் கிடந்தனவாம். "பழசு, குப்பைல போடு" என்றாராம் மேலதிகாரி. இவளோ, முளைக்க வைத்து மாமா நிலத்தை மீட்கிறேன் என்று எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் போட்டாள். வெண்ணெய் வெளியே வந்து உருகியது. உங்கள் தங்கை ஒரு குப்பியை எள் என்று நினைத்து ரொட்டி மாவில் தூவப் போய், கடைசி நொடியில் தடுத்தாட்கொண்டோம். புல் விதை பஞ்சாகப் பறக்கும் என்று மின்விசிறிக்குத் தடை. வியர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தவனுக்குத் தும்மல் வந்தது.

"அப்பா, தும்மாதீங்க!"

"தும்மல் என்ன, என்னைக் கேட்டுட்டா வருது?"

அப்புறம் குடும்பமே தேநீர் வடிகட்டியோடு தரையில் தவழ்ந்தது.

இத்தனை பாடுபட்டும், தட்டில் ஈரத்தாள் விரித்துப் பரப்பிய புல் விதையில் பூஞ்சைதான் பூத்தது. குளிரில் வைத்தாலும் எல்லா விதைக்கும் ஒரே ஆயுள் இல்லையாம். ஊதாப்பூ விதையோ தண்ணீரில் ஊறியும் உப்பாமல் கல்லுளிமங்கன் மாதிரி கிடந்தது.

"செத்துப்போச்சும்மா, விட்டுடு."

"இல்லப்பா, தோல் தடிப்பு. தண்ணி உள்ள போகல. இது தூங்குது."

"உன் அண்ணனும்தான் தூங்கறான். எழுப்ப முடிஞ்சுதா?"

பதிலுக்கு உப்புத்தாளை என் கையில் திணித்தாள். "ஒவ்வொண்ணா தேயுங்க. தோல் மட்டும்தான், உள்ள காயம் படக் கூடாது." தேய்த்தேன் மச்சான், தேய்த்துக்கொண்டே இருந்தேன். விதைத் தோல் தேய்ந்ததோ இல்லையோ, என் விரல் தேய்ந்துவிட்டது. நேற்று ஓய்வூதியத்துக்குக் கைரேகை வைக்கப் போனால், இப்படி ஒரு ஆளே இல்லை என்கிறது இயந்திரம்!

ஆகவே உடனே புறப்பட்டு வந்து தட்டு, குப்பி, தங்கள் மருமகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போங்கள். மாடுகளை விற்பதானால் தாராளமாக விற்றுவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, கன்றுகளுக்குக் கழுத்தில் ஒரு தடவல்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மாப்பிள்ளையாகவே இருக்க விரும்பும் நான்

பி.கு.: உறையை ஒட்டும்போது சமையலறையில் அலறல். உங்கள் தங்கை வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஓடினேன். விழவில்லை, தட்டின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். ஊதாப்பூ விதைகள் ஒன்றிரண்டல்ல, பாதிக்கு மேல் வேர் விட்டிருக்கின்றன! "இதை வளர்த்து, விதை எடுத்து, மறுபடி விதைச்சு... மாமா நிலம் நிறையறதுக்கு சில வருஷம் ஆகும்ப்பா" என்றாள். "ஆகட்டுமே, நிலம் எங்க ஓடிடப் போகுது?" என்றேன். நானா சொன்னேன் என்று உங்கள் தங்கை என்னையே பார்க்கிறாள். மேலே எழுதியது எதையும் மனதில் வைக்காதீர்கள். மாடுகளை விற்காதீர்கள். தட்டை எடுக்கவும் வராதீர்கள், இப்போது அதை அசைக்கக் கூடாது. முள்செடியை மட்டும் வெட்டி வையுங்கள். நாற்றோடு நாங்களே வருகிறோம்.