சோற்றுக்கு வந்த கெடு

இனிமேல் என் வீட்டில் யாரும் வாயால் என்னை வேலை வாங்க முடியாது. இந்தச் சட்டத்தை ஒரு நாள் காலை பல் விளக்கிக்கொண்டே இயற்றினேன்.

நான் அரங்கநாதன். வீடு திண்டிவனம், வேலை விழுப்புரத்தில், ஒரு விதைக் கம்பெனி ஆபீஸில். அங்கே யாரும் யாரிடமும் கத்துவதில்லை. எல்லாம் ஆப்தான். வேலையை அதில் ஏற்றி, முடிக்க வேண்டிய தேதியைப் போட்டுவிட்டால், அந்த நாளில் போன் ‘டிங்’ என்று நினைவுபடுத்தும். அதையே என் மனைவி வேணியின் போனிலும் ஏற்றினேன்.

“எந்த வேலையா இருந்தாலும் இதுல எழுது. டியூ டேட்டு போடு.”

“டியூவா? அது பைக்குக்குக் கட்டுறதாச்சே?”

“அது வேற டியூ. இது கெடு. போனே எனக்கு ஞாபகப்படுத்தும். நீ கத்த வேணாம்.”

“அப்ப என் தொண்டைக்கு லீவா?”

“நிரந்தர லீவு!”

நான் அவளுக்குச் சொல்லாதது ஒன்று உண்டு. தேதியை விரலால் தள்ளிவிடலாம். தள்ளிய கணமே போன் வாயை மூடிக்கொள்ளும்.

மிக்ஸி ரிப்பேரா? தள்ளினேன். தண்ணித் தொட்டி கழுவுவதா? தள்ளினேன். திருவக்கரை கோயிலா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி தள்ளினேன். அரசாங்கமே தோற்றது போங்கள்! வீட்டில் அப்படியொரு அமைதி. பக்கத்து வீட்டு ராஜ்குமார் பயந்துபோய் மதில் மேல் எட்டிப் பார்த்தான்.

“இன்னாண்ணா, அண்ணி ஊருக்குப் போயிட்டாங்களா? சத்தத்தையே காணோம்.”

“உள்ளதான் இருக்கா. ஆப் வெச்சிட்டேன்.”

“ஆப்பா? அண்ணிக்கேவா!” கையெடுத்துக் கும்பிட்டான்.

அப்புறம் ஒரு ‘டிங்’ வந்தது. ‘காணையில அப்பா கொல்லையில மல்லாட்டை புடுங்கணும். மழை வந்தா முளைச்சிடும். ஞாயிறு.’

காணை என் மாமனார் ஊர். காணையில் அவருக்கு ரெண்டு காணி கொல்லை, அதாவது ரெண்டரை ஏக்கருக்கு மேல் நிலம்; மொத்தமும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை. நான் குனிந்தால் நிமிர்த்த ஆள் வைக்க வேண்டும். மேலும், ஞாயிறு என்றால் கறிக்குழம்பு, அதன்மேல் ஒரு தூக்கம். சனிக்கிழமையே அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளினேன். அதற்குள் அவரே பிடுங்கி முடித்துவிடுவார்!

ஞாயிறு காலை. அடுப்பு ஜில்லென்றிருந்தது. வேணி பட்டுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா வேணி, குழம்பு வாசனையே வரலியே?”

“எப்படி வரும்? அது அடுத்த ஞாயிறுதானே.”

“இன்னாது?”

“ஆப்புல பாருங்க.”

பார்த்தேன். ‘கறிக்குழம்பு, சோறு: அடுத்த ஞாயிறு.’

“யாரு தள்ளினது?”

“நீங்கதான். ஒரு வேலை முடிஞ்சாதான் இன்னொண்ணுன்னு அதுல கோத்து வெக்கலாமாமே? யூடியூப்ல பாத்துக்கினு இருந்தேன். மல்லாட்டை பின்னால குழம்பைக் கோத்து வுட்டேன். நீங்க மல்லாட்டையைத் தள்ளினீங்க, குழம்பும் கூடவே போயிடுச்சு. நான் இன்னா பண்றது?”

“காபியாவது குடு.”

“அது மிக்ஸிக்குப் பின்னால இருக்குது. தை மாசம் வரும்.”

வயிறு ‘டிங்’ என்றது. சளைப்பேனா? மல்லாட்டையைப் பிடித்து இன்றைய தேதிக்கு இழுத்தேன். குழம்பும் கூடவே ஓடி வந்தது!

“பாத்தியா? ஒத்த விரல்ல குழம்பைத் திருப்பிக் கொண்டாந்துட்டேன்!”

“சபாஷுங்க. எந்த எடத்துலன்னு பாத்தீங்களா?”

‘இடம்: காணை.’

“அம்மா அடுப்பு பத்த வெச்சாச்சு. ஜல்தி கெளம்புங்க.”

சரி, கொல்லையோரம் நின்று ஆட்களுக்கு நாலு யோசனை சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம் என்று பைக்கை உதைத்தேன். போய்ப் பார்த்தால், ரெண்டு காணியும் பச்சைப் பசேலென்று அப்படியே கிடந்தது. வரப்பில் மாமனார் வேங்கடேசன் மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“வாங்க மாப்ள, வாங்க!”

“மாமா, ஆளுங்கல்லாம் எங்க?”

“ஆளுங்களை வேணாம்னுட்டேன் மாப்ள. இந்த ஞாயித்துக்கெழம நீங்களே ஆசையா வந்து மொத்தத்தையும் புடுங்கித் தர்றீங்கன்னு வேணி போன வாரமே சொல்லிடுச்சே!”